பதினேழாம் குழாயின் தட்டல்

அந்தப் போர்க்கப்பலுக்கு அரசாங்க ஏடுகளில் வாய் நிறைய ஒரு பெயர் இருந்தது. உள்ளேயே பிறந்து உள்ளேயே வளர்ந்தவர்கள் அதைப் 'பெரியம்மா' என்றுதான் கூப்பிட்டார்கள். பெரியம்மாவின் வயிற்றில் நாற்பதாயிரம் பேர். முப்பத்தொரு தளங்கள். உச்சித் தளத்தில் லிஃப்ட் ஏறினால் அடித்தளம் வருவதற்குள் ஒருவர் குட்டித்தூக்கம் போட்டு எழுந்து, பக்கத்தில் நிற்பவரோடு ஒரு சண்டையும் போட்டு, சமாதானமும் ஆகிவிடலாம். சுற்றிலும் விண்வெளியின் இருட்டு. அந்த இருட்டுக்குள் ஒரு பட்டணத்தையே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பெரியம்மா சண்டைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

லிஃப்டில் முப்பத்தொன்றுக்குக் கீழே பொத்தான் கிடையாது. அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்டால், "ஈயம். நட்சத்திரத்துச் சூடு நம்ம மேல படக் கூடாதுன்னு அடியில கெட்டியா ஈயம் ஊத்தி வச்சிருக்காங்க" என்று பெரியவர்கள் சொல்வார்கள். பொய் சொல்ல வேண்டும் என்று சொன்னதில்லை. அவர்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது அவர்களுக்கும் அப்படித்தான் சொல்லப்பட்டது.

இருபத்தொன்பதாம் தளத்தில் குழாய் அறை இருந்தது. அங்கே வேலை பார்த்த ஒருத்தியின் கதை இது. வால்வுச் சக்கரங்களைத் திருகித் தண்ணீரை அங்கே இங்கே அனுப்புவது அவள் வேலை என்பதால் எல்லாரும் அவளைச் 'சக்கரக்காரி' என்றார்கள். நாற்பதைத் தாண்டிய வயது. மணிக்கட்டு ஆண்பிள்ளைகளுக்கு இருப்பதுபோல் கனமாக இருக்கும். கை மட்டும் பஞ்சு மாதிரி. சக்கரத்தை ஒரு மயிரிழை திருப்பு என்றால் ஒரு மயிரிழைதான் திருப்புவாள், அடுத்த மயிரிழைக்குப் போக மாட்டாள்.

அன்று காலை அவள் வேலைக்கு வந்து ஏப்ரனைக் கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்துப் பம்பு அறையிலிருந்து அவளுடைய கொழுந்தன் டீ டம்ளரோடு எட்டிப் பார்த்தான். அவனுக்கு 'ஓட்டைவாய்' என்று பெயர். ஏன் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

"என்ன அண்ணி, முகம் சரியில்லையே. அண்ணன்கிட்டேருந்து கடுதாசி வந்துச்சா?"

"வந்துச்சு. 'நலம். வேலை அதிகம்.' மூணு வருசமா அதே ரெண்டு வரி."

"அவன் இங்க இருந்தப்ப மட்டும் என்னத்தைப் பேசிக் கிழிச்சான்? அவனுக்கும் சேர்த்துத்தான் எங்கம்மா என்னைப் பெத்தாங்க."

"அதான் தெரியுதே. உன் காதுல ஒரு சேதியைப் போட்டா ஒலிபெருக்கியே வேண்டாம்."

"பழிக்காதீங்க. சமையல்காரர் வீட்டு விசயத்தை நான் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடலை."

"எனக்கு எப்படித் தெரிஞ்சுது அப்ப?"

"நீங்க வீட்டு ஆளு. வீட்டு ஆளுங்க அதுல சேர்த்தி இல்ல" என்று சொல்லிவிட்டு, மிச்ச டீயை அவள் டம்ளரில் ஊற்றிவிட்டுப் போனான்.

அவள் புருசன் குழாய் பிட்டர். மூன்று வருசத்துக்கு முன்னால் ஒருநாள், கூடவே வரும் 'சின்னம்மா' என்ற சிறிய கப்பலுக்கு அவனை மாற்றியிருப்பதாக ஒரு காகிதம் வந்தது. சட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனான். சின்னம்மா எப்போதாவது ஜன்னலில் ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். சக்கரக்காரி அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள். வேறென்ன செய்வது?

இந்தக் கதைக்குக் குழாய்க்காரர்களின் ஒரு முறையை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பெரியம்மாவின் பெரிய குழாய்கள் ஆள் நுழைந்து தவழ்ந்து போகும் அளவுக்கு அகலமானவை. உள்ளே உப்பு படியும். அதைச் சுரண்ட ஆள் உள்ளே போகும். ஆகவே எந்தச் சக்கரத்தைத் திருகும் முன்பும் ஸ்பேனரால் குழாயை மூன்று முறை தட்ட வேண்டும். தட்டிவிட்டுக் காதை ஒட்டிவைத்து இருபது எண்ண வேண்டும். உள்ளே ஆள் இருந்தால் அவனும் மூன்று தட்டுவான். 'இருக்கிறேன்' என்று பொருள். பிறகு இரண்டு தட்டி, ஒரு மூச்சு நிறுத்தி, ஒன்று தட்டினால் 'வெளியே வருகிறேன்' என்று பொருள். வெளியே இருப்பவள் அதையே திருப்பித் தட்டினால், 'வா, நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.'

அப்படிப் பதில் தட்டிவிட்டால் அவ்வளவுதான். உள்ளே இருப்பவன் வெளியே வந்து நிற்கும் வரை இரண்டு கையையும் சக்கரத்திலிருந்து எடுக்கக் கூடாது. தளபதியே வந்து நின்றாலும் எடுக்கக் கூடாது. வருகிறவன் குழாயின் வட்டக் கதவுக்கு வந்ததும், அதில் பதித்திருக்கும் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்ப்பான். சக்கரத்தின் மேல் இரண்டு கை தெரிந்தால்தான் தாழை விலக்குவான். அந்தக் கப்பலில் புருசனை நம்பாத பெண்டாட்டி இருந்தாள், அதிகாரியை நம்பாத சிப்பாய் இருந்தான். தட்டலை நம்பாதவர் ஒருவர்கூட இல்லை.

பத்து மணிக்கு மேஸ்திரி ஒரு காகிதத்தோடு வந்தார். அவளுக்கு வேலை சொல்லிக்கொடுத்த காலத்திலிருந்து மேஸ்திரி அவர்தான். எதைச் சொன்னாலும் முகத்தைப் பார்த்துச் சொல்லும் மனிதர். அன்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"பதினேழாம் குழாயைக் கொதிதண்ணி விட்டுக் கழுவணுமாம்."

"பதினேழா? அது செத்த குழாயாச்சே மேஸ்திரி. கீழ ஈயத்துல போயி முட்டி நிக்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"சொன்னேன். காகிதத்துல இப்படி இருக்கு."

"எதுக்காம்?"

"எதுக்குன்னு போட்டிருந்தா நான் சொல்ல மாட்டேனா?" என்றார். காகிதத்தை ஆணியில் குத்திவிட்டு வேகமாக வெளியே போனார். அவர் வேகமாக நடந்து அவள் பார்த்ததே இல்லை.

பதினேழாம் குழாய் அறையின் கடைசி மூலையில் இருந்தது. சிவப்புச் சாயம் அடித்து ஓரங்களில் உரிந்திருந்தது. சக்கரத்தின் மேல் தூசி விரல்கனம். அவள் துணியால் துடைத்தாள். ஸ்பேனரை எடுத்தாள். ஆள் இருக்க வழியே இல்லாத குழாயைத் தட்டுவானேன் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. சோற்றுக்கு முன் கை கழுவுவதுபோல அது தானாக நடப்பது. மூன்று தட்டினாள். காதை வைத்தாள். எண்ணினாள்.

ஏழு எண்ணியபோது பதில் வந்தது.

வெகு ஆழத்திலிருந்து வந்தது. டக். டக். மூன்றாவது தட்டல் வழுக்கிக்கொண்டு, டர்ரக்.

குழாய்க்காரர்களுக்கு ஒருவர் தட்டல் ஒருவருக்குத் தெரியும், நடையைக் கேட்டே ஆளைச் சொல்லிவிடுவதுபோல. அவள் புருசனுக்கு வலது கைச் சுண்டுவிரல் மடங்காது. ஸ்பேனர் மூன்றாவது தட்டலில் எப்போதும் சறுக்கும். பதினோரு வருசம் அவள் அந்தச் சறுக்கலைக் கேட்டு அவனைக் கேலி செய்திருக்கிறாள்.

இவன் சின்னம்மாவில் அல்லவா இருக்கிறான்? ஜன்னலில் தெரியும் அந்தப் புள்ளியில் அல்லவா? கீழே, ஈயத்துக்குள்ளிருந்து வந்த சத்தத்தை அவள் மறுபடி மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பதற்குள், கீழேயிருந்து இரண்டு தட்டல் வந்தது. ஒரு மூச்சு. பிறகு ஒன்று. 'வெளியே வருகிறேன்.'

அவள் யோசிக்கவில்லை. யோசித்துச் செய்யும் காரியமா அது? கை தானாக உயர்ந்தது. இரண்டு தட்டி, ஒரு மூச்சு விட்டு, ஒன்று தட்டினாள். ஸ்பேனரைக் கீழே போட்டாள். இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்தாள்.

மேஸ்திரி கதவருகில் நின்றிருந்தார். எப்போது திரும்பி வந்தார் என்று அவளுக்குத் தெரியாது.

"பதில் வந்துச்சா?" என்றார்.

"மேஸ்திரி, அவரு கீழ இருக்காரு."

"பதில் குடுத்துட்டியா?"

"குடுக்காம? வர்றேன்னு தட்டுறாரு."

மேஸ்திரி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "நீ தட்டாம இருந்துடக் கூடாதான்னு ஒரு பக்கம் நினைச்சேன்மா. தட்டாம திருகினா வெந்துபோவாங்களேன்னு இன்னொரு பக்கம். எதைச் சொல்றதுன்னு தெரியாம ஓடிட்டேன்."

"கீழ ஈயம்னீங்களே."

"பத்துத் தளம் இருக்கு. எனக்கே மூணு நாளாத்தான் தெரியும். நம்ம பெரிய பீரங்கி இருக்கே, அதுக்குள்ள தீத்தண்டுன்னு ஒண்ணு. அதைக் கையாலதான் மாத்தணுமாம், மிசினு உருகிடுமாம். மாத்துறவங்களுக்கு முதல்ல முடி கொட்டும். அப்புறம் நகம். அவங்களை மேல விட்டா நாம பாத்துடுவோமே. அதான், கீழ போனவங்க யாரும் மேல வர்றதில்ல. மாத்தல் காகிதம் வந்த எல்லாருமே அங்கதான்."

"கடுதாசி வருதே."

"ரெண்டு வரி எழுதுறதுக்கு அவரேவா வேணும்?"

அவள் சக்கரத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். மேற்கொண்டு கேட்பதற்குள் வெள்ளைக் கையுறைகள் வந்துவிட்டார்கள்.

அதிகாரிகளைக் கப்பலில் அப்படித்தான் சொல்வது. நான்கு சிப்பாய்கள் முன்னால் வந்தார்கள்; கையில் வலையும் தடியும். பின்னால் ஒரே ஒரு அதிகாரி. சின்ன வயசு, மெல்லிய குரல். கதவு நிலையில் தலை இடித்துக்கொள்ளாமல் குனிந்து வந்த விதத்திலேயே மரியாதை தெரிந்தது. அவர் கையோடு ஒரு முக்காலியும் கொண்டு வந்திருந்தார். அதை அவள் பின்னால் போட்டார்.

"உக்காந்துக்கங்கம்மா. கையை எடுக்க வேண்டாம். அவங்க மேல வர முக்கால் மணி நேரமாவது ஆகும்."

அவள் உட்காரவில்லை.

"உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றார் அவர். "கழுவணும்னு காகிதம் போட்டதே உங்களைத் தட்ட வைக்கத்தான். சொன்னா உங்க கை நடுங்கியிருக்கும். நடுக்கம் அவருக்குத் தெரிஞ்சிருக்கும். மூணு வாரமா எல்லா வழியையும் உள்ளே தாழ் போட்டுட்டு உக்காந்திருக்காங்க. எண்ணூறு பேர். உடைச்சுக்கிட்டு உள்ள வந்தா தீத்தண்டைக் கொளுத்திடுவோம்னு எழுதி அனுப்பியிருக்கார் உங்க வீட்டுக்காரர். அவர்தான் தலைவர், தெரியுமா? பேசாத மனுசன்னு எல்லாரும் சொன்னாங்க, ஆனா நல்லாவே எழுதுறார். பதினாறு குழாய்ல பதினாறு பேரைத் தட்டச் சொல்லிப் பாத்தோம். ஒருத்தருக்கும் பதில் வரலை. உங்க ஒரு கைக்குத்தான் வந்திருக்கு."

"அவங்க எதுக்கு மேல வர்றாங்க ஐயா?"

"முடியாதவங்களைத் தூக்கிட்டு வந்து உங்க எல்லார் கண்ணுலயும் காட்டணுமாம். காட்டினா அப்புறம் யாரும்மா கீழ வேலைக்குப் போவாங்க?" அவர் குரலில் கோபமே இல்லை. "ஆறு நாள்ல எதிரி கண்ணுல படுவோம். பீரங்கி ஆறிக் கிடக்கு. நாப்பதாயிரம் பேர். உங்க கொழுந்தனும் அதுல ஒருத்தர். பக்கத்து வீட்டுக் குழந்தைங்க இருக்காங்க. நான் யாரையும் கொல்ல வரலை. பிடிச்சு, திரும்ப வேலைக்கு அனுப்பிடுவோம். நீங்க சும்மா பிடிச்சுக்கிட்டு நில்லுங்க, அது போதும்."

சிப்பாய்கள் வட்டக் கதவின் இரண்டு பக்கமும் சுவரோடு ஒட்டி நின்றார்கள், கண்ணாடி வழியாகப் பார்த்தால் தெரியாத இடத்தில். கண்ணாடியில் தெரியப்போவது சக்கரமும் அதன்மேல் அவள் இரண்டு கையும் மட்டும். அதிகாரி ஒரு சின்னக் கிண்ணத்தைக் குழாயில் ஒட்டி, அதிலிருந்து வந்த கம்பியைக் காதில் செருகிக்கொண்டார்.

அவளுக்குக் கம்பி வேண்டியிருக்கவில்லை. முன்கையைக் குழாயில் சாய்த்திருந்தாள். எலும்பு வழியாகவே கேட்டது. முழங்கால்கள் உரசி உரசி வரும் சத்தம். ஒரு ஆள் இல்லை. பல பேர். எதையோ இழுத்துக்கொண்டு வருகிறார்கள். கொஞ்ச தூரம் வருவார்கள், நிற்பார்கள், ஒருவருக்காக ஒருவர் காத்திருப்பார்கள்போல, மறுபடி வருவார்கள்.

பெற்றவளே, அந்த நேரத்தில் அவள் நெஞ்சு எப்படிக் கிடந்து அடித்துக்கொண்டிருக்கும்! கத்தினால் கேட்காது. இரும்பின் கனம் அப்படி. தட்டலாம் என்றால், எதைத் தட்டுவது? 'யார்', 'இருக்கிறேன்', 'வருகிறேன்', 'வா.' இவ்வளவுதான் தட்டல்கள். 'வராதே' என்பதற்குத் தட்டல் கிடையாது. குழாய்க்குள் இருக்கிற ஒருவனை வராதே என்று சொல்ல வேண்டிய நாள் வரும் என்று முன்னோர் யாரும் நினைக்கவில்லை. கையை எடுத்துவிட்டால்? கண்ணாடியில் கை தெரியாவிட்டால் தாழை விலக்க மாட்டான்தான். ஆனால் அவன் கண்ணாடி வரை வந்துவிட்டால் சிப்பாய்கள் கதவையே பெயர்த்துவிடுவார்கள். அதற்கு முன்னாலேயே அவன் திரும்ப வேண்டும்.

வேறு ஒன்று இருந்தது. அது அவள் மனசில் வந்தவுடனே அதைத் தள்ளிவிட்டாள். அது மறுபடி வந்து நின்றது.

குழாய் வேலைக்கு வருகிறவனுக்கு ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் முன்பே சொல்லிக்கொடுப்பது ஒன்று உண்டு: சுவர் சூடானால் எதையும் கேட்காதே, யாரையும் பார்க்காதே, வந்த வழியே போ. பதினேழாம் சக்கரத்துக்கு மேலே கொதிதண்ணீர் நின்றுகொண்டிருந்தது. காலையில்தான் காகிதத்தின் பேரில் நிரப்பியிருந்தார்கள். முழுக்கத் திறக்கப் பத்துத் திருகு. ஒரு நூலிழை திறந்தால் தண்ணீர் சுவரில் ஒட்டிக்கொண்டு வழியும்; அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போவதற்குள் ஆறி வெதுவெதுப்பாகிவிடும். நூல் இரண்டு நூலானால் கைத்தோல் உரியும். மூன்று நூலானால் அவ்வளவுதான்.

'வா, பிடித்துக்கொண்டிருக்கிறேன்' என்று தட்டிவிட்டுத் திருகுவது. அந்தக் கப்பல் ஓடத் தொடங்கிய நாள் முதல் யாரும் செய்யாத காரியம். அவன் என்ன நினைப்பான்? அவளைப் பிடித்துவிட்டார்கள் என்று நினைப்பானா? அவளும் வெள்ளைக் கையுறைகளோடு சேர்ந்துகொண்டாள் என்று நினைப்பானா? எதை நினைத்தாலும் அவன் திரும்பிப் போனால் சரி. ஆனால் எதை நினைத்தான் என்று அவளுக்குக் கடைசிவரை தெரியப்போவதில்லை. அதையும் அவள் அப்போதே கண்டுகொண்டாள். நாற்பதாயிரம் பேரும் மனசில் வந்தார்கள். அதிகாரி சொன்னது நிஜமோ பொய்யோ, ஈயம் என்று சொன்னவர்கள்தானே சொல்கிறார்கள். ஆனால் நிஜமாகவும் இருக்கலாம். அதற்குமேல் அவளால் யோசிக்க முடியவில்லை. முழங்கால்கள் நெருங்கிக்கொண்டிருந்தன.

கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மணிக்கட்டை அசைக்காமல், சக்கரத்தை நகம் அகலம், அரை நூல், நகர்த்தினாள்.

உள்ளே 'ஸ்ஸ்' என்று ஒரு சின்னச் சத்தம்.

"என்ன அது?" என்றார் அதிகாரி, காதில் கையை வைத்துக்கொண்டு.

மேஸ்திரி தரையிலிருந்து எழுந்தார். முப்பது வருசம் மணிக்கட்டுகளைப் பார்த்தே வேலை வாங்கியவர். அவள் மணிக்கட்டை ஒருமுறை பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார்.

"பழைய குழாய் ஐயா" என்றார் மேஸ்திரி. "சும்மா கிடந்தாலும் முனகும். என்னை மாதிரித்தான்." சொல்லிக்கொண்டே நடந்துபோய், சிப்பாய்க்கும் குழாய்க்கும் நடுவில் முதுகைக் குழாயில் சாய்த்து நின்றுகொண்டார். "முதுகு வலி. கொஞ்சம் சாஞ்சுக்கிறேன்."

சக்கரத்துக்கு நேர் கீழே அந்த இடம் எவ்வளவு சுடும் என்று அவளுக்குத் தெரியும். மேஸ்திரியின் மெல்லிய சட்டை முதுகில் ஒட்டியது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, சிப்பாயிடம் அவன் வீட்டில் எத்தனை பேர் என்று விசாரித்தார். அவன் பதில் சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல் அதிகாரியைப் பார்த்தான்.

முழங்கால் சத்தம் நின்றது.

ஒரு நிமிஷம் எதுவும் இல்லை. உள்ளே, கைக்கெட்டும் தூரம்போலத் தோன்றும் ஒரு இடத்தில், அவன் உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. மூன்று தட்டினான். வழுக்கியது மூன்றாவது. 'இருக்கிறேன்.' நான் இங்கே இருக்கிறேன் என்று அவளுக்குச் சொன்னான், அவள் மறந்துவிட்டாள் என்று நினைத்தோ என்னவோ.

அவள் இன்னொரு நகம் நகர்த்தினாள்.

அதற்குப் பிறகு அவன் தட்டவில்லை. உரசும் சத்தம் மறுபடி தொடங்கியது. தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. இழுத்துக்கொண்டு வந்ததை இழுத்துக்கொண்டே போனார்கள். யாரும் அலறவில்லை. அதை அவள் எண்ணி எண்ணிக் கேட்டாள்: யாரும் அலறவில்லை.

"நின்னுடுச்சே" என்றார் அதிகாரி. கம்பியைக் காதிலிருந்து எடுத்தார். மேஸ்திரியை ஒரு கையால் விலக்கிவிட்டு, கையுறையோடு குழாயைத் தொட்டார். கையை எடுத்துக்கொண்டார். பிறகு சக்கரத்தைப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து ஓட்டைவாய் மூச்சிரைக்க ஓடி வந்தான். "அண்ணி, பதினேழுல தண்ணி இழுக்குதுன்னு மீட்டர் முள்ளு காட்டுது. யாரு திறந்தது? உள்ள ஆளு இருக்கு, நான் கேட்டேன், பம்புக் குழாய்ல கேட்டுச்சு, அது அண்ணன் தட்டல் அண்ணி, சத்தியமா அண்ணன்தான், நீங்க பதில் குடுத்ததையும் கேட்டேன்" என்று கொட்டிக்கொண்டே வந்தவன், சிப்பாய்களைப் பார்த்து நின்றான். அவள் கையைப் பார்த்தான். சக்கரத்தில் தூசி துடைத்த இடம் நகர்ந்திருந்ததைப் பார்த்தான்.

"பதில் குடுத்துட்டுத் திருகிட்டீங்களா அண்ணி?"

அதிகாரியும் அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை நழுவிடுச்சு" என்றாள்.

"உங்க கையா?"

"ஆமா. ரொம்ப நேரம் பிடிச்சிருந்தேன்ல. நழுவிடுச்சு."

கொழுந்தன் வாயில் சொல் வராமல் போனதை அவள் அன்றுதான் பார்த்தாள்.

அதிகாரி அவளைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. சக்கரத்தைத் தானே மூடினார். "இன்னொரு தடவை தட்டுங்க" என்றார். தட்டினாள். இருபது எண்ணினார்கள். ஒன்றும் இல்லை. கொழுந்தனைத் தட்டச் சொன்னார். அவன் தட்டினான். அழுதுகொண்டே தட்டியதால் கோணல்மாணலாக விழுந்தது. ஒன்றும் இல்லை.

"சரி" என்றார் அதிகாரி. "மணிக்கு ஒரு தடவை தட்டிக்கிட்டே இருக்கணும். நீங்களேதான். வேற யாரும் வேண்டாம். கீழ பசி எடுத்தா அவங்க கோபம் போயிடும்." முக்காலியை மட்டும் விட்டுவிட்டு, இரண்டு சிப்பாய்களைக் காவலுக்கு வைத்துவிட்டுப் போனார்.

சேதி தளம் தளமாக ஏறிப் போனது. பதில் தட்டிவிட்டுத் திருகினவள் ஒருத்தி இருக்கிறாள் என்று. இரண்டே நாளில் பெரியம்மாவின் குழாய்களுக்குள் உப்புச் சுரண்டப் போகிறவர்கள் போக மறுத்தார்கள். போனவர்களும் வெளியே சொந்தத் தம்பியையோ மாமனையோ நிறுத்திவிட்டுத்தான் போனார்கள். சாப்பாட்டுக்கூடத்தில் சக்கரக்காரி உட்கார்ந்த பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. மேஸ்திரி முதுகில் கட்டுப் போட்டு ஆஸ்பத்திரியில் குப்புறப் படுத்திருந்தார். வேலை செய்யும்போது பட்டது என்று சொல்லிவிட்டார்.

கொழுந்தன் வேலை முடிந்ததும் குழாய் அறைக்கு வந்து கதவோரம் குந்திக்கொள்வான். அவளோடு பேச மாட்டான். அவள் தட்டும்போதெல்லாம் தலையைத் தூக்குவான். அண்ணன் வெந்துபோய்விட்டான் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். ஒரு தட்டல் கேட்டால் போதும், அவன் உயிர் திரும்பிவிடும்.

அவளுக்குச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. காதோடு காதாக, அண்ணன் திரும்பிப் போய்விட்டான், அலறல் கேட்கவில்லை, உசிரோடு இருக்கிறான் என்று நாலு சொல். சொன்னால் அவன் முகம் மாறிவிடும். அவன் முகத்தில் ஒன்றும் தங்காது. வாயில் அதைவிடத் தங்காது. காவல் சிப்பாய் ஒரு பார்வை பார்த்தால் போதும், அது நழுவின கை இல்லை என்று தெரிந்துவிடும். தெரிந்தால் வேறு எதையாவது தேடுவார்கள், வேறு ஏதாவது வழி. ஆகவே அவள் வாயைக் கட்டிக்கொண்டு, மணிக்கு ஒருமுறை ஸ்பேனரை எடுத்தாள். நடுக்கமே இல்லாமல் தட்டினாள். தட்டும்போதெல்லாம், அவன் பதில் சொல்லிவிடக் கூடாதே என்றுதான் காதை வைத்தாள்.

ஆறாம் நாள் கப்பல் திரும்பத் தொடங்கியது. தரை லேசாகச் சாய்ந்தது. முக்காலி தானாக நகர்ந்து சுவரில் முட்டியது. ஜன்னல் பக்கம் போனவர்கள் வேகமாகத் திரும்பி வந்தார்கள். தூரத்தில் புதிதாக விளக்குகள் தெரிகின்றன, சின்னம்மாவைப்போல் ஒரே ஒரு புள்ளி இல்லை, எண்ண முடியாத அளவு என்று சிப்பாய்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

மணி அடித்தது. அவள் மூன்று தட்டினாள். இருபது எண்ணினாள். ஒன்றும் இல்லை.

"அண்ணி" என்றான் கொழுந்தன். ஆறு நாளில் முதல் வார்த்தை. "இன்னொரு தடவை தட்டுங்க. எனக்காக."

சிப்பாய் தடுக்கவில்லை. கொழுந்தன் எழுந்து வந்து குழாயின் அந்தப் பக்கம் காதை வைத்தான். அவள் இந்தப் பக்கம் வைத்தாள். நடுவில் இரும்பு. இரண்டு பேர் முகமும் ஒரு சாண் தூரத்தில். அவள் தட்டினாள்.

"ஒண்ணு" என்று அவன் சத்தமாக எண்ண ஆரம்பித்தான். "ரெண்டு. மூணு."

அவளும் மனசுக்குள் எண்ணினாள். இரண்டு பேரும் ஒரே எண்ணைத்தான் எண்ணினார்கள். ஒருவன் வேண்டும் என்று எண்ணினான். ஒருத்தி வேண்டாம் என்று எண்ணினாள்.

இருபது வந்தது. அவன் நிறுத்தவில்லை. இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று, அவள் முகத்தையே பார்த்தபடி எண்ணிக்கொண்டே போனான்.